கடைசி வீட்டுக் கிணறு

மீராமுகைதீன் காக்காவைக் கண்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். ஒரு மனிதனுக்கு இவ்வளவு பொறுமை ஆகாது. ஒலுவிலில் தோணிக்குப் போனவர், முழங்கால் கெட்டபின் கல்முனைக்குத் தெற்கேயுள்ள எங்கள் வீட்டுத்திட்டத்தின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்க்க வந்தார். எல்லா வீட்டுக் கழிவும் குழாய்வழி வந்து அதில் படிந்து, பன் புல் நட்ட சல்லிக்கல் பாத்திக்குள்ளால் தெளிந்து வடிய வேண்டும். அது வடிவது அந்த மனிதர் கிடந்து மாய்வதால்தான்.

தொட்டிக்குப் பக்கத்துக் கடைசி வீட்டை மகள் றிஸ்லாவுக்குச் சீதனமாகக் கொடுத்திருந்தார். போன ஹஜ்ஜுப் பெருநாளில் எங்கள் சனம் உழ்ஹிய்யா மாடுகளை அறுத்து, இரத்தம், கொழுப்பு, குடல் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் குழாயில் ஊற்றியது. தொட்டி அடைத்துப் பொங்கி மணலுக்குள் இறங்கியது. றிஸ்லாவின் கிணறு நாறி, பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தது. அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நிந்தவூருக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"கிணறு நல்லா வந்தா வாறன் வாப்பா" என்றுதான் சொல்லிப் போனாள். எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினாலும் பெண்பிள்ளை தன் சீதன வீட்டில்தான் குடியிருப்பாள். மகள் மாமியார் வீட்டில் ஒண்டிக் கிடப்பது காக்காவைத் தின்றது. மகளின் வீட்டுக்குள் தனியே படுக்க மனமில்லாமல் தொட்டியடிப் பம்ப் அறையில் படுத்தார்.

இந்தப் பெருநாளுக்கு முன் வீடு வீடாகப் போய், "குழி வெட்டிப் புதைச்சிருங்க மக்காள், குழாயில ஊத்தாதீங்க" என்று கெஞ்சினார். எல்லாரும் ஓம் என்றார்கள். ஓம் சொல்வதில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை.

பெருநாளன்று பகலெல்லாம் ஊருக்குள் இருந்த காக்கா, பின்னேரம் தொட்டிக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். தொட்டி மூடி திறந்து கிடந்தது. உள்ளே சிவந்த தண்ணீர், கட்டி கட்டியாகக் கொழுப்பு. காக்கா அப்படியே மணலில் குந்திவிட்டார்.

"ஏலா தம்பி. இனி என்னால ஏலா. புள்ள எப்படி வருவாள்?"

எனக்குக் கொதித்தது. எவன் ஊற்றினானோ அவனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று அலவாங்குக் கம்பியை எடுத்து, குழாய்ப் பாதையிலிருந்த மூடிகளைப் பள்ளிவாசல் பக்கமிருந்து ஒவ்வொன்றாகக் கிளப்பினேன்; காக்காவும் பின்னாலேயே வந்தார். எங்கும் சோப்பு நுரைதான். வெட்கக்கேடு, எங்கள் சனம் இந்தமுறை சொன்னபடி புதைத்திருந்தது. மிஞ்சியது பூட்டிக் கிடப்பதாக நாங்கள் நினைத்திருந்த கடைசி வீட்டின் மூடி. திறந்தால் இரத்தமும் கொழுப்பும்.

அந்த வீட்டுக் குசினி யன்னலால் வெங்காயம் வதங்கும் மணம் வந்தது. றிஸ்லா வெளியே வந்தாள்.

"எங்க போனீங்க வாப்பா? வந்ததிலிரிந்து தேடுறன். மாமிட வீட்டு உழ்ஹிய்யா மாட்டுக் குடல், பாபத்து. ஒங்களுக்கு விருப்பமெண்டு நானே கழுவி ஆக்கின. கிணத்துத் தண்ணி நல்லாரிக்கி. இனி இஞ்சதான் இருப்பம்."

நான் சொல்ல வாயெடுத்தேன். காக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்படி வாப்பா?"

"நல்லாரிக்கி மகள். இன்னும் கொஞ்சம் போடு."

தொட்டிக்குத் திரும்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வார்த்த சொன்னா என்ன காக்கா? வாற பெருநாளைக்கும் கழுவுவாளே!"

"அப்ப சொல்லுவம் தம்பி. இண்டைக்குத்தானே வந்தவள்" என்றார் காக்கா. கரையில் குப்புறப் படுத்து, கைவிட்டுக் கொழுப்பை அள்ளத் தொடங்கினார்.