நாலாமிடத்தைத் தாண்டாத பாட்டுகள்

போன கிழமை கண் பரிசோதனைக்காக மகள் என்னை ஹேர்னிங் நகரத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் றேடியோவில் ஒரு பழைய டனிஷ் பாட்டு. ஐம்பதுகளில் நாடே முணுமுணுத்த பாட்டு. அப்போது நான் பிறக்கவேயில்லை. ஆனாலும் வாய் தானாகச் சேர்ந்து பாடியது. பாட்டு முடிந்து செய்தி தொடங்கிய பிறகும் நான் முதல் அடிக்குத் திரும்பியிருந்தேன்.

"அது முடிஞ்சுது, அப்பா," என்றாள் மகள், டனிஷில்.

எந்தப் பாட்டையும் இரண்டு தரம் பாடினால்தான் எனக்கு அது முடிந்த மாதிரி இருக்கும். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, ஒரு தொழிற்சாலையே சிரித்து முடித்த கதைதான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். டென்மார்க்குக்கு வந்து இக்காஸ்ட் என்ற ஊரில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் தையல் வேலை கிடைத்தபோது, மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்றார்கள். அந்த மூன்று மாதமும் நான் எதற்குத்தான் பயப்படவில்லை? ஊசி முறிந்தால் வேலை போய்விடுமோ என்று பயம். சாப்பாட்டுப் பெட்டியின் கருவாட்டு மணத்தால் போய்விடுமோ என்று பயம். கருவாட்டை விட்டுப் பாணும் ஜாமும் கொண்டுபோனேன். பிறகு ஜாம் துணியில் பட்டுவிடுமே என்று வெறும் பாணைத் தின்றேன்.

பயம் வந்தால் எனக்கு டனிஷ் போய்விடும். ஆமோதிக்க 'யா' என்று சொல்ல வேண்டும் என்பது மொழி வகுப்பில் படித்ததுதான். ஆனால் யாராவது திடீரென்று கேட்டால் வாயில் வருவது ஊர் 'ஓம்' தான்.

பக்கத்து மெஷினில் இங்கா இருந்தார். ஐம்பது தாண்டிய மனுசி. இளம் வயதில், இசைத்தட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பட்டியலில் எந்தப் பாட்டு முதலாமிடம் என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்கே போவாராம். எங்களுக்கும் தினமும் காலையில் அப்படியொரு பட்டியல். அறிவிப்பாளர் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "அஞ்சாமிடம்" என்று தொடங்குவார். பாடி முடித்து என் பக்கம் திரும்பி, "நல்லாயிருக்கோ?" என்பார்.

"ஓம்," என்பேன்.

முகம் மலர்ந்து அதையே மறுபடி பாடுவார். மறுபடி கேட்பார். நான் மறுபடி ஓம். இது இந்த நாட்டு வழக்கமாக்கும் என்று இருந்துவிட்டேன்.

அயன் பிடிக்கும் பகுதியில் வேலை செய்த ஞானம் அண்ணை எனக்கு முன்பே வந்தவர், டனிஷ் தெரிந்தவர். அவர்தான் ஒருநாள் இடைவேளையில் பொறுக்காமல் சொன்னார்: "தம்பி, இண்டைக்கும் நாலாமிடத்தைத் தாண்டேல்லை. முதலாமிடத்தில என்ன பாட்டெண்டு தெரியாமலே நான் பென்சன் எடுக்கப்போறன்."

என் கவலை வேறு. மேற்பார்வைக்காரி நான் தைத்த சட்டைக் கைகளில் சிலவற்றைத் தூக்கிப் பார்ப்பார், "ஓம்" என்று சொல்லி மேசையில் போடுவார். வெள்ளைக்காரி எனக்காக எங்கள் பாஷையில் ஒரு சொல் பழகியிருக்கிறாரே என்று உருகிப் போனேன். அவர் ஓம் என்றவற்றையெல்லாம் பத்திரமாகக் கட்டி மேசைக்குக் கீழே வைத்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் அந்தக் கட்டு மேற்பார்வைக்காரியிடம் அகப்பட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஞானம் அண்ணையைக் கூப்பிட்டார்கள்.

"திருப்பித் தைக்கச் சொன்னவவாம். ஏன் தைக்கேல்லை எண்டு கேக்கிறா."

"அண்ணை, அவ ஓம் எண்டெல்லோ சொன்னவ."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அட கோதாரி. டனிஷில அது ஓம் இல்லையடா. திரும்பச் செய் எண்டு அர்த்தம்."

அவர் விளக்கியதும் மேற்பார்வைக்காரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துச் சிரித்தார். சட்டைக் கைகளை வெள்ளிக்கிழமைக்குள் திரும்பத் தைத்துக் கொடு, வேலை உனக்குத்தான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இங்கா மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக ஏதோ கேட்டார். ஞானம் அண்ணையின் சிரிப்பும் நின்றது.

"அப்ப நீ தன்னைத் திரும்பப் பாடச் சொல்லேல்லையோ எண்டு கேக்கிறா. தன்ட மனுசன்கூட ஒருநாளும் அப்பிடிக் கேட்டதில்லையாம்."

ஒரு சின்னப் பொய் போதும். ஆனால் சற்று முன்தான் வேலை போகாமல் தப்பியிருந்தது; இன்னொரு குழப்பம் வந்து அதுவும் போய்விட்டால்? "நை," என்றேன். இல்லை என்று அர்த்தம். பயத்தின் நடுவில் எனக்குச் சரியான டனிஷ் வந்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு இங்கா என் பக்கம் திரும்பிக் கேட்கவில்லை. ஒவ்வொரு பாட்டும் ஒரு தரம்தான். முதலாமிடம் காலை இடைவேளைக்கு முன்பே வந்துவிடும். ஞானம் அண்ணைக்குத் திருப்தி. பிறகு மத்தியானம் வரை மெஷின் சத்தம்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. மெஷின்களைக் கழற்றி வேறு நாட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். கட்டடத்தில் இப்போது உடற்பயிற்சி நிலையம் நடக்கிறது. ஞானம் அண்ணை இல்லை. இங்காவும் இல்லை. தொழிற்சாலை மூடிய கடைசி நாளில், வீட்டில் நாலு நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனத்தை இங்காவிடம் சொன்னேன். தயவுசெய்து இன்னொரு தரம் பாடுங்கோ என்று, முழு டனிஷில், ஒரு பிழையில்லாமல்.

இங்கா மேலங்கியின் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சிரித்தார். "இப்ப நீ மரியாதைக்குக் கேக்கிறாய்," என்றார். பாடவில்லை.