அறுபத்தேழு அடிச் சங்கிலி

சர்வேயர் வேலை என்பது, இரண்டு பேர் சண்டைக்கு நடுவில் போய் நின்று, சாயங்காலத்துக்குள் அவர்களில் ஒருவருக்காவது எதிரியாகித் திரும்புகிற வேலை. வரப்புத் தகராறு உள்ளவர்களே, பக்கத்து நிலத்துக்காரர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதால் தூக்கம் கெட்டவர்களே, சர்வேயர் இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று வயலில் நின்று கால் வலித்தவர்களே, நீங்கள் காத்திருந்த அந்த ஆள் நான்தான். உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியும். என் பக்கத்துக் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் கள்ளக்குறிச்சி தாலுகாவில் வேலைக்குச் சேர்ந்தது, இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் சாலை மறியல் நடந்த வருஷங்களில். காலையில் கிளம்பிய பஸ் சாயங்காலம் திரும்பி வரும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. என் சொந்த ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம். பயிற்சி முடித்த சூடு ஆறாமல், நிலத்தில் எல்லாமே கோணமும் நீளமும்தான் என்ற நம்பிக்கையோடு வந்து சேர்ந்தேன்.

கல்லுக்குப் போடும் கும்பிடு

ஆபீசுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இரண்டு கற்கள் நட்டிருக்கும். இடையில் சரியாக அறுபத்தாறு அடி. நாங்கள் நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியின் நீளமும் அதுவே. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் சங்கிலியை அந்தக் கற்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். சங்கிலி பிடிக்கும் முனுசாமி எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். கோயிலைக் கடந்தால் கும்பிடுவாரோ மாட்டாரோ, அந்தக் கற்களுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிடுவார்.

இரும்பு என்ன தினமும் வளரவா போகிறது என்று முதல் நாளே கேட்டேன். அவர் சங்கிலியைத் தரையில் பரப்பிக் காட்டினார். நூறு கம்பித் துண்டுகள், துண்டுக்குத் துண்டு மூன்று சின்ன வளையங்கள். கல்லிலும் முள்ளிலும் இழுபட இழுபட ஒவ்வொரு வளையமும் அரிசி முனையளவு வாய் திறந்தால் போதும், மொத்தத்தில் ஒரு அடி கூடிவிடும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். கண்ணால் பார்த்தபோது குனிந்து வளையங்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு முனுசாமி சொன்னார்: "ஆளு தப்பா அளந்தா ஒரு வயலு கெடும் சார். சங்கிலியே தப்பா கீதுன்னா ஊரே கெடும்."

திங்கட்கிழமை அஞ்சலை

மனு கொடுக்கும் நாள் திங்கட்கிழமை. வடக்கனந்தலிலிருந்து அஞ்சலை என்ற அம்மாள் வாரா வாரம் வருவார். ஒற்றை ஆளாகக் கரும்பு பயிரிடுபவர். அவருக்கும் பக்கத்து நிலத்துத் தங்கராசுவுக்கும் நடுவில் இருந்த எல்லைக்கல்லைக் காணவில்லை. எல்லையோரம் அஞ்சலையின் கிணறு. அந்தக் கிணறு தன் நிலத்துக்குள் வருகிறது என்று தங்கராசு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அஞ்சலைக்கு அதை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

கிணறு வெட்டும்போது கவனமாக எல்லைக்கு இரண்டடி உள்ளே தள்ளித்தான் வெட்டினோம் என்பார். பாதி மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டியது அவரே. எப்போது வருவீர்கள் என்று ஒரு தடவையாவது சத்தம் போடுவார் என்று பார்த்தேன், போடவே இல்லை. மலையில் நாலு நாள் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றபோதும் தலையை ஆட்டிக்கொண்டார். "நீங்க மெதுவா வாங்க சார். ஆனா சங்கிலியோட வாங்க."

காற்றில் அளந்த நிலம்

கல்வராயன் மலையில் அளப்பது தனி வித்தை. சரிவு நிலத்தைச் சரிவோடு அளக்கக் கூடாது. மேல் முனையைத் தரையில் வைத்து, கீழ் முனையைத் தூக்கிச் சங்கிலியைப் படுக்கைவாட்டில் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்க வேண்டும். வரைபடம் தட்டையானது, அதில் ஏறும் அளவும் தட்டையாக இருக்க வேண்டும் என்பது பாடம். வெள்ளிமலைப் பக்கம் சின்னையன் என்ற சாமை விவசாயியின் நிலத்தை இப்படித்தான் அளந்தேன்.

அவர் முந்தின நாளே தன் கயிற்றைத் தரையோடு தரையாகப் போட்டு அளந்து வைத்திருந்தார். என் கணக்கில் முப்பது அடி குறைந்தது. முப்பது அடியை நான் எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று என் பையைப் பார்த்தார். பயிற்சியில் படித்ததையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "காகிதம் தட்டையா இருக்குதுன்னா அதுக்கு மலை என்னா சார் பண்ணும்?"

குறுக்கே கிடந்த புளியமரம்

மலை வேலை முடிந்து இறங்கிய அன்று பஸ் இல்லை. மரவள்ளிக்கிழங்கு லாரியில் தொற்றிக்கொண்டு வந்தோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் லாரி நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம் ஒன்றை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதன் மேல் இருபது இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு மாட்டு வண்டி வந்தது. வைக்கோல் மேல் ஒரு பெண், பிரசவ வலி. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. யாரும் சொல்லாமலே இளைஞர்கள் குதித்து இறங்கி, வண்டி நுழையும் அளவுக்கு ஒரு பெரிய கிளையை வெட்டினார்கள். வெட்டிய கிளை நகரவில்லை. கயிறு தேடினார்கள், கிடைக்கவில்லை. ஒருவன் பார்வை முனுசாமியின் தோளில் கிடந்த சங்கிலி மேல் விழுந்தது. முனுசாமி என்னைப் பார்த்தார். அளப்பதைத் தவிர வேறெதற்கும் அதைத் தொடக் கூடாது என்பது விதி. கொடுத்துவிடுங்கள் என்றேன்.

இருபது பேரும் சேர்ந்து இழுத்தார்கள். சங்கிலி முழுக்க நெறுநெறுவென்று ஒரு சத்தம் ஓடியது, கிளை நகர்ந்தது, வண்டி போய்விட்டது. லாரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. சங்கிலியைத் தன் துண்டால் துடைத்துக் கொடுத்த இளைஞனிடம், மரத்தையும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒதுக்கீடு வர்ற வரைக்கும் மரம் நவுறாதுங்க சார். ஆனா புள்ள அது வரைக்கும் காத்துக்கினு இருக்குமா?"

ஐந்து சங்கிலி தூரம்

வழி திறக்க ஐந்தாறு நாள் ஆகும் என்றார்கள். கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனால் வடக்கனந்தல் பக்கத்தில் இருந்தது, அங்கே அஞ்சலையுடையதையும் சேர்த்து ஏழு மனுக்கள் நிலுவை. சாவடியில் தங்கி அவற்றை முடித்துவிடலாம் என்று எனக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. கற்கள் ஆபீசில் இருக்கின்றனவே என்று முனுசாமி முனகினார். நாலைந்து நாளில் இரும்பு என்ன ஆகிவிடும் என்று நான் சொன்னதை நினைத்தால் இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அஞ்சலையின் எல்லையைக் கண்டுபிடிக்க, தங்கராசுவின் மேற்குக் கல்லிலிருந்து கிழக்கே ஐந்து சங்கிலி அளக்க வேண்டும். அளந்தேன். பிறகு அஞ்சலையின் கிழக்குக் கல்லிலிருந்து திரும்பவும் அளந்து, இரண்டும் ஒரே இடத்தில் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய பிழையும் அங்கே மாட்டிக்கொள்ளும். ஆனால் கிழக்குக் கல் ஆள் உயரக் கரும்புக்குள் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பக்கம் போதும் என்று முடித்துவிட்டேன்.

கல் நட்ட இடத்தைப் பார்த்தால், கிணற்றில் மூன்றடி தங்கராசுவின் பக்கம் போயிருந்தது. அஞ்சலை அழுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று தயாராக நின்றேன். அவர் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். "சர்க்கார் சங்கிலி பொய் சொல்லாது. நாங்கதான் வெட்டும்போது தப்பா வெட்டிட்டோம் போல."

வேப்பமரத்தடியில்

வழி திறந்து ஆபீசுக்குத் திரும்ப ஏழெட்டு நாள் ஆகிவிட்டது. மறுநாள் காலை முனுசாமி செருப்பைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை இழுத்துப் பிடித்தார். என் பக்கத்துக் கைப்பிடி கல்லைத் தாண்டி நின்றது. அவர் பிடியைத் தளர்த்திவிட்டார் என்று திட்டினேன். இடம் மாறிப் பிடித்தோம். அப்போதும் தாண்டியது. அடிக்கோலை வைத்துப் பார்த்தேன், ஒரு முழு அடி. அறுபத்தாறு அடிச் சங்கிலி அறுபத்தேழு அடியாகிக் கிடந்தது.

நான் அப்படியே வேப்பமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து சங்கிலிக்கு ஐந்தடி. இரண்டடி உள்ளே இருந்த கிணற்றை மூன்றடி வெளியே தள்ளியது நான். அந்த அம்மாள் தன் கையால் வெட்டிய கிணற்றைத் தப்பாக வெட்டினேன் என்று தன் வாயாலேயே சொல்ல வைத்ததும் நான். முனுசாமி ஒரு வளையத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அன்னிக்கு கிளைதான் நவுந்திச்சின்னு நெனச்சேன் சார். கெணறும் கூடவே நவுந்திகீது."

எனக்கு அதே போதும்

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், எனக்கு நல்லதுதான் சொன்னார். சங்கிலி பழுது என்று எழுதி வேறு வாங்கிக்கொள், மனு முடிந்துவிட்டது, ஆட்சேபணை உள்ளவர்கள் தாமாக வருவார்கள். ஆட்சேபணை சொல்லாதவர் ஒருவர் இருக்கிறாரே என்பதுதான் என் நெஞ்சை அறுத்தது. மறுபடி அளக்க அனுமதி கேட்டேன். உன் தலையெழுத்து என்று கையெழுத்துப் போட்டார்.

நீண்ட சங்கிலியால் அளந்த ஏழு நிலத்தையும் திரும்ப அளந்தோம், ஒவ்வொரு வரப்பிலும் திட்டு வாங்கினோம். என் பிழையால் நாலடி லாபம் பார்த்த ஒரு விவசாயி மட்டும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். புதுச் சங்கிலியைத் தடவிப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், பழையது எங்கே என்றார். ஆபீசில் பூட்டி வைத்திருக்கிறோம் என்றேன். "எனக்கு அந்த நீட்டு சங்கிலியே போதும் சார். இத்த எடுத்துக்கினு போயி மத்தவங்களுக்கு அளங்க."

உடைந்த கல்

அஞ்சலையின் வயலைக் கடைசியாக வைத்திருந்தேன். தள்ளிப்போட்டேன் என்பதுதான் உண்மை. போய்ப் பார்த்தபோது தங்கராசு கிணற்றைச் சுற்றிக் கருவேல முள் அடைத்திருந்தார். கரும்புத் தோகை நுனி காய்ந்து சுருண்டிருந்தது. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம், சின்ன வயதிலிருந்து பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொண்டு பழக்கம். ஆனால் அங்கே சாமியார் மறைவில் உட்கார்ந்திருப்பார், இப்படித் தங்கராசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நிற்க மாட்டார். நான் அளந்தது தப்பு என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

தங்கராசு கத்தவில்லை. அவர் கேட்டது நியாயம்: "போன தபா சர்க்காரும் நீங்கதான், இந்தத் தபா சர்க்காரும் நீங்கதான். நான் எந்த சார நம்பறது?"

அளந்து காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேற்கிலிருந்து அளந்தோம். கரும்புக்குள் புகுந்து, தோகை முகத்தைக் கிழிக்க, கிழக்கிலிருந்தும் அளந்தோம். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன, கிணற்றுக்கு இரண்டடி மேற்கே. கல் நட அங்கே குழி தோண்டினார் முனுசாமி. முழ ஆழத்தில் கடப்பாரை டங்கென்றது. காணாமல் போன பழைய எல்லைக்கல்லின் உடைந்த அடிப்பாகம், நட்ட இடத்திலேயே இருந்தது. தங்கராசு குனிந்து பார்த்தார். பிறகு போய் முள்ளை இழுத்துப் போட ஆரம்பித்தார். முள் இழுத்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மொதல்லயே ரெண்டு பக்கமும் அளந்திருந்தா என் கையில முள்ளு குத்தியிருக்காது."

அஞ்சலை கேட்டது

அஞ்சலை கிணற்று மேட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த கரும்பைக் காட்டி அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று பக்கத்தில் போனேன். சங்கிலி எப்படி சார் நீளும் என்று கேட்டார். சொன்னேன். புளியமரம், மாட்டு வண்டி, வைக்கோல் மேல் இருந்த பெண், இருபது பேர் இழுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு பொழைச்சிக்கிச்சா சார்?"

ஒரு அடியைக் கண்டுபிடித்தேன், ஐந்தடியைக் கண்டுபிடித்தேன், ஏழு நிலத்தையும் அங்குலம் அங்குலமாகத் திருப்பி அளந்தேன். இத்தனை நாளில் ஒரு முறைகூட அந்த வண்டி என்ன ஆயிற்று என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்னும் மோசம். குழிக்கு மண் தள்ளிக்கொண்டிருந்த முனுசாமி நிமிர்ந்து, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அஞ்சலைக்குப் பதில் சொன்னார், பிறகு என் பக்கம் திரும்பினார். "பொண்ணு பொறந்துதும்மா. தாயும் புள்ளையும் நல்லாத்தான் கீறாங்க, மறுநாளே வெசாரிச்சிட்டேன். நீங்க கேக்கவே இல்லியே சார்."

அளவில் வரும் பிழைகள் மூன்று, ஆளால் வருவது, கருவியால் வருவது, வெயில் காற்றால் வருவது என்று எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். என் பிழை இந்த மூன்றில் எதில் சேரும் என்று அந்தப் புத்தகத்தில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.