நான் வாய்க்காலில் எறிந்த மாத்திரை

என் சர்க்கரை நோய் இதயத்தின் ரத்தக்குழாய்வரை போய்விட்டது. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்த டாக்டர், ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்து, ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்றார்.

மரக்காணம் உப்பளத்தில் எனக்கு வேலை. ஒருநாள் உப்புக்கட்டி காலைக் கிழித்தது. எங்கள் வழக்கப்படி காயத்தில் உப்பை வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. எல்லாம் அந்த மாத்திரையால்தான் என்று ஆத்திரம் வந்து, அட்டையோடு வாய்க்காலில் எறிந்தேன்.

நான்காம் நாள், கூட வேலை செய்துகொண்டிருந்த என் மனைவி கேட்டாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"நீ என்னா டாக்டரா?"

உப்பு வாரும் பலகையின் கழியால் அடித்தேன். அவள் கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி ஓங்கியபோது நெஞ்சைப் பிளப்பதுபோல் வலித்து, உப்புப் பாத்தியிலேயே விழுந்தேன்.

ஆட்களைக் கூப்பிட்டு என்னை ஆம்புலன்சில் ஏற்றியது அவள்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கை வீங்கியிருப்பதைப் பார்த்து விசாரித்தார். வழுக்கி விழுந்ததாகச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"இவருதான் அடிச்சாரு. மாத்திரை போட்டீங்களான்னு கேட்டேன், அதுக்கு. மொதல்ல இவர பாருங்க."

பிழைத்துவிட்டேன். இப்போது ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போடுகிறேன். போட்டேனா என்று அவள் கேட்பதில்லை.