ஸ்டெல்லாவின் மூளிச் சட்டியும் என் சிமெண்ட் தொட்டியும்

பினாயில் வாசம் மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு அடிவயிறு எரியும். அது பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மேல் எனக்கிருந்த பொறாமை. வேறு பெயர் சொல்லி மழுப்ப மாட்டேன்.

சங்கரன்கோவிலில் வீட்டுக்குப் பின்னால் எங்கள் ‘புறவாசலுக்கும்’ அவர்கள் புறவாசலுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறையில் இருவரும் குருவிக்குத் தண்ணீர் வைத்தோம். நான் அடம்பிடித்து அப்பாவிடம் தாமரைப்பூ போட்ட சிமெண்ட் தொட்டியே வாங்கிவிட்டேன். அவளிடம் இருந்ததோ விளிம்பு உடைந்த ‘மூளிச் சட்டி’. ஆனால் ஊர்க்குருவியெல்லாம் அந்த மூளியைத்தான் தேடிப் போயின. சாயங்காலமானால் சுவருக்கு மேல் தலையை நீட்டி, “ஏட்டி கோமதி, இன்னைக்கு மைனாவும் வந்து குளிச்சிட்டுப் போச்சு!” என்பாள். எனக்கு அன்று சோறு இறங்காது.

தொட்டியில் பாசி பிடித்திருப்பதுதான் காரணமென்று பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோலையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவும் அம்மா கடைசி வாளியில் பினாயில் ஊற்றி, “வாசம் வந்தாத்தாம்ட்டி சுத்தம்” என்பாள். அதை நம்பி நானும் ஒரு மூடி ஊற்றிக் கழுவி, வாசம் போய்விடக்கூடாதென்று அலசாமலே தண்ணீர் நிரப்பினேன். எப்போதாவது வரும் ஒற்றைக் காக்காயும் அன்றோடு நின்றுபோனது.

ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். “கிறுக்கச்சி, அந்த நாத்தத்துல எது வரும்? சாம்பலும் நாரும் வச்சித் தேச்சி, நாலு தண்ணி ஊத்தி அலசி, வெயில்ல காயப் போடணும்ட்டி.” அவள் சொன்னாள் என்பதற்காகவே நான் அதைச் செய்யவில்லை.

அடுத்த வாரம் அவள் கரிவலத்துக்கு அத்தை வீட்டுக்குப் போனாள். “சட்டியப் பாத்துக்கோட்டி. ஒன்னைய நம்பித்தான் போறேன்” என்றாள். மூன்றாம் நாள் மத்தியானம் சுவரேறிக் குதித்து, அந்தச் சட்டியில் பினாயிலை ஊற்றி ஊறவிட்டேன். என் தொட்டியில் தெரியாமல் செய்ததை அவள் சட்டியில் தெரிந்தே செய்தேன்.

மண்சட்டி வாசத்தைக் குடித்துவிட்டது. திரும்பி வந்தவள் எத்தனை தடவை தேய்த்தும் அது போகவில்லை, ஒரு குருவியும் அண்டவில்லை. “எங்கம்மா வீடு கழுவையில தெறிச்சிருக்கும் போல” என்று அழுதாள். “இருக்கும்ட்டி” என்றேன் நான்.

மறுநாள் காலையில் சாம்பலும் நாருமாகச் சுவரேறி வந்து என் தொட்டியைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். “எஞ்சட்டிதான் போச்சு. ஒந்தொட்டிலயாவது வரட்டும்ட்டி.” இரண்டே நாளில் நாலு குருவிகள் வந்து சிறகடித்துக் குளித்தன. அவள் கைதட்டிக் குதித்தாள். எனக்கோ, என் தொட்டிக்கும் அவள் கைபட்டால்தானா குருவி வரும் என்று அப்போதும் பற்றி எரிந்தது. என்ன ஜென்மமோ நான்!

இப்போது அந்தச் சுவர் ஆளுயரத்துக்கு மேல் எழும்பிவிட்டது. புறவாசல் இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. கேஸ் அடுப்பு வந்தபின் சாம்பலும் இல்லை. மாடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சமையல் சோடாவால் தேய்த்து, நாலு தண்ணீர் ஊற்றி அலசி, நிரப்பி வைக்கிறேன். தூத்துக்குடியிலிருக்கும் ஸ்டெல்லா தன் பால்கனிக் குருவிகளை வீடியோ எடுத்து அனுப்புகிறாள். நேற்று, “ஒனக்கு வருதாட்டி?” என்று கேட்டிருந்தாள். “நெறைய வருது” என்று பதில் போட்டேன். பிறகு மாடிக்குப் போய், ஒரு குருவியும் அண்டாத அந்தக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.