மைக்காக நீட்டிய விரல்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. சான்ட்ரிங்ஹாமில் நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து வாக்குச்சாவடி பத்து நிமிட நடை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அன்று தேர்தல் என்றார்கள், நம்பவே முடியவில்லை. கொடி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. விளம்பரப் பலகைகளைக்கூட முதல்நாளே கழற்றிவிட்டார்களாம். எங்கள் மதுரையில் எழவு வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். வீட்டுக்காரர் சிவராணி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர். கம்யூனிச ஆட்சி போய் ஜனநாயகம் வந்த ஒரு குட்டி ஐரோப்பிய நாட்டில் பிறந்தவர். இங்கே நிரந்தர வசிப்புரிமை இருந்தாலே வாக்கு உண்டு. அவருக்கு இதுதான் முதல் முறை. நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், "என் பேரும் வேண்டாம், நாட்டுப் பேரும் வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் தம்பிக்கு அங்கே நகராட்சி வேலை. வாக்குச்சீட்டை போனில் படம் எடுத்துக் கட்சிக்காரரிடம் காட்டினால்தான் வேலை நிலைக்குமாம்.

பள்ளிக்கூட மண்டபம். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டை நீட்டினார். மேசையில் இருந்த பெண் அதைத் தொடவே இல்லை. பெயரை மட்டும் கேட்டாள். அடுத்து அவர் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றார். மைக்காக! அடப்பாவமே, நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். அவள் திருதிருவென விழித்தாள். அவர் சீட்டை வாங்காமலே வெளியே வந்துவிட்டார்.

"அடையாளம் பார்க்கல, மை வைக்கல. இது என்ன தேர்தல்? இன்னொரு இடத்துல போய் மறுபடி போட்டா?"

"அதானே!" என்று நானும் ஒத்து ஊதினேன்.

அக்கா அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு தரம் போட்டா, பிறகு பட்டியலை ஒப்பிட்டுப் பிடிப்பினம். ஆனா முதல்ல ஆளை நம்பித்தான் விடுவினம். எனக்கும் முதல் தரம் நம்பிக்கை வரேல்லை."

"எங்க நாட்டுல மை, கேமரா எல்லாம் உண்டு. முடிவைத்தான் ஒருத்தரும் நம்பமாட்டோம். இங்கே தோத்தவங்க ஒத்துக்குவாங்களா?" என்று அவர் கேட்டார்.

அக்கா தலையாட்டினார்.

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். இனி சீட்டைப் படம் எடுக்க அவரிடம் போன் இல்லை. ஊரில் விரல் மையைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிப் பெருமைப்பட்டவன் நான். நான் போட்ட வாக்கை யாரும் பார்க்கக் கேட்டதில்லை என்பதை அதுவரை யோசித்ததே இல்லை.

திரும்பி வந்து போனை வாங்கிக்கொண்டார். பாதி வழியில் தானாகவே சொன்னார்:

"என் பேரை கோரன்னு எழுதிக்கோ. நாட்டுப் பேர் மட்டும் வேண்டாம். தம்பி இன்னும் அங்கேதான் இருக்கான்."