அக்கா கேட்ட செம்பனை

ஐம்பதைத் தாண்டிய பிறகு தூரிகை பிடித்தவன் நான். ரத்த அழுத்தம் ஏறுகிறது, மனதுக்குப் பிடித்ததாக ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். சிரம்பானில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் நீர்வண்ணம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். "மத்தவங்க மீன் பிடிக்கப் போறாங்க, நீங்க புல்லு வரையப் போறீங்க" என்று மனைவி கிண்டல் செய்தாள். வரைந்தது புல் மாதிரிகூட இல்லை என்பது வேறு விஷயம். வெகு நாள் என் மலைகளெல்லாம் நனைந்த சாக்குமூட்டைகளாகத்தான் வந்தன. ஆனாலும் பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு கோலா பிலா பக்கம் போய்விடுவேன். அங்கே நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், அதே லயத்து வரிசை வீட்டில், அக்கா இன்னும் குடியிருந்தாள். அவள் வீட்டுக்காரரான மாமா இறந்த பிறகு மகன் கூப்பிட்டும் டவுனுக்குப் போகவில்லை. இனிப்புநீர் வியாதி அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றுக்கும் டாக்டர்கள் உறுதி சொல்லவில்லை.

ஒரு நாள் சமையல்கட்டு சன்னலோரம் நின்றபடி கேட்டாள்.

"தம்பி, இந்த சன்னல்ல தெரியறத எனக்கு வரைஞ்சு குடுறா. தூரத்துல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. படம்னா கண்ணுகிட்ட வச்சுப் பாத்துக்குவேன்லா."

சன்னலில் தெரிந்தது எண்ணெய்க்காக நட்ட செம்பனை. வரிசை வரிசையாக ஒரே உயரம், ஒரே பச்சை, அடியில் வெட்டிப் போட்ட மட்டைகள். என் முகம் சுளித்தது. பால்மரத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்குக் காட்சி என்றால் அது பால்மரம்தான். அதை வெட்டிவிட்டு வந்த செம்பனையை நான் ஒரு மரமாகவே மதித்ததில்லை.

"இதப் போயி யாருக்கா வரைவா? பால்மரம் வரைஞ்சு தரேன். எல செவக்கட்டும், அப்பப் பாரு அழக."

"ஒனக்கு எது சௌகரியமோ" என்றாள். அவள் அப்படித்தான். வற்புறுத்தமாட்டாள்.

பால்மரத்து இலை வருடத்துக்கு ஒருமுறைதான் சிவந்து கொட்டும். அந்த வருடம் மழை பெய்து, சிவக்கும் முன்பே பாதி கொட்டிவிட்டது. அடுத்த வருடம் மரங்கள் நன்றாகவே சிவந்தன, என் சிவப்புதான் சேறாகிப்போனது. அதற்கும் அடுத்த வருடம் கை ஓரளவு வசப்பட்டது. ஒரு மலாய்க்காரர் சின்னதாக வைத்திருந்த பால்மரக் காட்டின் ஓரத்தில் குடையை நட்டு உட்கார்ந்து வரைந்தேன். நானே மெச்சிக்கொள்ளும்படி வந்தது. சட்டம் போட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு அக்காவிடம் கொண்டுபோனேன்.

அவள் படத்தை மூக்குவரை கொண்டுபோனாள். வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். மறுபடியும் கிட்டே வைத்தாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெளுப்பா தெரியுதுடா, அவ்வளவுதான். என்னா இருக்குன்னு நீயே சொல்லேன்."

சொன்னேன். சிவந்த இலைகள், பால் வெட்டிய மரங்கள், பின்னால் மலை. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"செம்பனை போடலியா?"

நான் சன்னல் பக்கம் திரும்பினேன்.

"அது ஒங்க மாமாவும் நானும் சேந்து நட்டதுலா. அவரு குழி வெட்டுவாரு, நான் கன்னு எடுத்துக் குடுப்பேன். அந்த நெர பூரா எங்க ரெண்டு பேரு கைதான்."

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அவர்கள் மண் அப்பிய கால்களோடு வேலை முடிந்து வந்ததை எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறேன். தூரிகையைப் பிடித்த பிறகு ஒருமுறைகூட அது என் நினைவுக்கு வரவில்லை.

"போட்டிருக்கேன்க்கா. மலைக்கு முன்னால, வரிசையா."

"அப்ப சரி" என்று படத்தைத் தடவிக்கொடுத்தாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சன்னலோரம் நின்று செம்பனையை வரைந்தேன். ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டது. சட்டத்தில் இருந்ததை எடுத்துவிட்டு இதை வைத்து மாட்டினேன். மாற்றியது அக்காவுக்குத் தெரியாது.