கூழைக்கடா விழுங்க இருந்த முள்

மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. "ஒரு நாளாவது நிம்மதியா இருங்க" என்றார் டாக்டர். நிம்மதி எங்கே கிடைக்கும் என்று கம்பெனியில் விசாரித்ததில், எங்கள் கட்டிங் மாஸ்டர்தான் வழி சொன்னார். ஞாயிறுதோறும் கேமராவோடு பறவை பார்க்கப் போகிறவர் அவர். நெருப்பெரிச்சல் என்கிற ஊரைத் தாண்டி ஒரு குளம். அதில் மீன் குத்தகை எடுத்த பெரியவரிடம் ஒரு பரிசலும் ஒரு தூண்டிலும் உண்டு. அதுதான் வைத்தியம்.

எனக்கு நீச்சல் தெரியாது என்பதைப் பரிசல் கரையை விட்ட பிறகுதான் சொன்னேன்.

"இதுல புடிச்சுக்க ஒண்ணும் இல்லீங்களா?"

"என்னையப் புடிக்காதீங்க, அது போதும்," என்றார் மாஸ்டர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பரிசலில் இருந்து பத்துப் பதினைந்தடி தள்ளி ஒரு கூழைக்கடா மிதந்துகொண்டிருந்தது. அது வாயைத் திறந்து மீன் விழுங்கும் படத்துக்காக மாஸ்டர் மூன்று வருடமாக அலைகிறார். நான் மண்புழுவைக் கோத்துத் தூண்டிலைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தக்கை முங்கியது. பயத்தில் என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். கம்பின் நுனியில் நைலான் நரம்பு அறுந்தது. தக்கை, நரம்பு, முள், அந்த முள்ளைக் கவ்விய ஜிலேபி மீன் எல்லாம் சேர்ந்து கிளம்பிவிட்டன. தக்கை போன திசையில் கூழைக்கடா கழுத்தைத் திருப்பியது.

நான் குழந்தைத் துணி தைக்கும் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவன். மெஷினில் ஊசி உடைந்தால், எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த இடத்தில் ஒருவரும் அசையக்கூடாது. அசைந்தால் துண்டு துணியோடு போகும். அப்புறம் எந்த ஊரிலோ ஒரு குழந்தையின் கழுத்தில் குத்தும். இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி அது என் வாயில் தானாக வரும். வந்தது.

"யாரும் அசையாதீங்க."

பெரியவர் மரியாதை தெரிந்தவர். துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் சிலை மாதிரி உட்கார்ந்திருக்க, தக்கை பறவையை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பறவையும் அதை நோக்கி வந்தது.

"எவ்வளவு நேரம் அசையாம இருக்கோணுமுங்க?" என்று கேட்டார் பெரியவர்.

"ஐயோ, போங்க. வேகமாப் போங்க."

பரிசல் நேராகப் போகும் சாமான் இல்லை. அது சுற்றியது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கூழைக்கடா கண்ணில் பட்டது, ஒவ்வொரு தடவையும் இன்னும் பெரிதாக. நான் கைதட்டினேன், உஸ்ஸென்றேன், என் தொப்பியை வீசினேன். தொப்பிதான் மூழ்கியது. அந்த நீண்ட அலகு தண்ணீரைத் தொடும்போது தக்கை எனக்கு ஒரு முழம் எட்டாமல் இருந்தது. நீச்சல் தெரியாதவன் செய்யக்கூடாததைச் செய்தேன். இடுப்புவரை வெளியே சாய்ந்தேன். பரிசல் ஒரு பக்கம் தூக்க, சட்டைக்குள் தண்ணீர் ஏறியது. பின்னால் யாரோ என் பெல்ட்டைப் பிடித்தார்கள். தக்கை கைக்கு வந்தது. நரம்பைச் சுருட்டி இழுத்தேன். திறந்த அலகுக்கும் என் மூக்குக்கும் நடுவே மீன் துள்ளி மேலே வந்தது.

பெரியவர் முள்ளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முனை இருந்தது, வளைவு இருந்தது, காது இருந்தது. முழு முள். இருந்தும் மீனின் வாய்க்குள் விரலை விட்டு இரண்டு தடவை துழாவினேன்.

"மெஷின்ல உட்டும் ஒருக்கா பாத்துருங்களேன்," என்றார் மாஸ்டர். ஊசி கண்டுபிடிக்கும் மெஷினைச் சொல்கிறார்.

பெரியவர் சிரித்தபடி மீனை வாங்கிப் பறவையின் பக்கம் வீசினார். "இனிச் சாப்புடு சாமி." அது வாயை அகலத் திறந்து ஒரே விழுங்கில் முடித்தது. மூன்று வருடமாகத் தேடிய படம். மாஸ்டரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையும் இன்னும் என் பெல்ட்டில் இருந்தன. கேமரா கழுத்தில் சும்மா தொங்கியது.

"உட்டிருக்கலாமுங்களே மாஸ்டர்."

"யோசிச்சேனுங்க," என்றார்.